படுக்கையறைச் செடிகள் இரவில் ஆக்சிஜன் தருமா?

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதால், மருத்துவர் சொன்னபடி இரவில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை நிமிடத்திற்கு 2 லிட்டர் அளவில் வைக்கிறோம். இரவிலும் ஆக்சிஜன் தரும் என்று நர்சரியில் சொன்னதை நம்பி, ஐந்து ஸ்நேக் பிளான்ட் தொட்டிகளும் ஓர் அரிக்கா பாம் தொட்டியும் வாங்கி அவருடைய அறையில் வைத்தோம். செடிகள் இருப்பதால் இயந்திரத்தின் நேரத்தைக் குறைக்கலாமா என்று என் கணவர் கேட்கிறார். வீட்டிலுள்ள என் கணவரின் அத்தையோ, இரவில் செடி நச்சுக்காற்று விடும், புளியமரத்தடியில் யாராவது படுப்பார்களா என்று சொல்லி, தினமும் தொட்டிகளை வெளியே வைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அரசமரம் மட்டுமே 24 மணி நேரமும் ஆக்சிஜன் தரும் என்கிறார். மரங்கள் இல்லாவிட்டால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்று படித்த பன்னிரண்டாம் வகுப்பு மகனுக்கு எங்கள் விவாதத்தைக் கேட்டுக் குழப்பம். இதற்கிடையில், தினமும் தண்ணீர் ஊற்றியும் இரண்டு ஸ்நேக் பிளான்ட்கள் அடியில் குழைந்து சாய்ந்துவிட்டன. எது சரி என்று விளக்க வேண்டுகிறேன். — ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள அம்மா, மருத்துவம் தொடர்பான பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செடிகளை நம்பி இயந்திரத்தின் நேரத்தை ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக் கூடாது. அந்த அளவை மாற்றும் உரிமை, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவருக்கு மட்டுமே உண்டு. நான் தாவர உடலியங்கியல் கற்பிப்பவன் என்பதால் செடிகளின் பக்கத்திலிருந்து மட்டும் இந்த முடிவுக்கான காரணத்தைச் சொல்ல முடியும். உங்கள் அறையிலுள்ள ஆறு தொட்டிகளும் மாமியாரின் மூச்சுக்கு உதவும் அளவுக்கு ஆக்சிஜன் தருவதில்லை, கெடுக்கும் அளவுக்கு எடுத்துக்கொள்வதும் இல்லை. கணவர், அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய மூவர் சொல்வதிலும் ஓர் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாலும், மூவருமே அளவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வீட்டில் உண்மையிலேயே ஆக்சிஜன் கிடைக்காமல் மூச்சுத் திணறியவை, குழைந்து சாய்ந்த அந்த இரண்டு செடிகளின் வேர்கள்தாம்.

இலை ஆக்சிஜனை எதிலிருந்து எடுக்கிறது என்பதில் தொடங்கினால் மற்றவை எளிதில் விளங்கும். இலை கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்து ஆக்சிஜனை வெளியே விடுவதால், கார்பன் டை ஆக்சைடை உடைத்துத்தான் அந்த ஆக்சிஜன் வருகிறது என்று அறிவியலாளர்களே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1941-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் சாமுவேல் ரூபன், மார்ட்டின் காமன் ஆகியோரும் அவர்களுடைய கூட்டாளிகளும், எடை கூடிய ஆக்சிஜன் ஐசோடோப்பு கலந்த நீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அந்த எடை கூடிய ஆக்சிஜன் குமிழியாக வெளியே வந்தது. பாசிகளும் செடிகளும் வெளிவிடும் ஆக்சிஜன் முழுவதும் அவை உறிஞ்சிய நீரிலிருந்து வருவது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. இலைச்செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பாகிய பசுங்கணிகத்தினுள் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் சேர்ந்த ஒரு நுண்தொகுதி இருக்கிறது. ஒளி நான்கு முறை அதை இயக்கினால்தான் இரண்டு நீர் மூலக்கூறுகள் பிளந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு விடுபடும். அப்போது கிடைக்கும் எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சர்க்கரை தயாரிக்கும் வேலைக்குப் போகின்றன. செடிக்கு வேண்டியவை அவைதாம், ஆக்சிஜன் அந்த வேலையில் மிஞ்சிய கழிவு மட்டுமே.

ஆகவே ஒளி இல்லாமல் நீர் பிளப்பதில்லை, நீர் பிளக்காமல் ஆக்சிஜன் பிறப்பதில்லை. இதற்கு எந்தச் செடியும் எந்த மரமும் விதிவிலக்கு அல்ல. அரசமரத்தின் புனிதத்தையோ நிழலின் அருமையையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மற்ற மரங்களின் இலைகளில் உள்ள அதே நுண்தொகுதியே அரச இலையிலும் இருக்கிறது, சூரியன் மறைந்ததும் மற்றவற்றில் நிற்பது போலவே அதிலும் அந்த வேலை நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கன்று நட விரும்பினால் குளக்கரையிலோ ஊர்ப் பொது இடத்திலோ நடட்டும். வீட்டுச் சுவரை ஒட்டி நட்டால் சில ஆண்டுகளில் வேர் அடித்தளத்திற்குள் புகுந்துவிடும்.

செடியும் உயிர் என்பதால் அதற்கும் மூச்சு உண்டு. தயாரித்த சர்க்கரையை ஆக்சிஜனுடன் சேர்த்து எரித்துத்தான் அது வளர்கிறது, மண்ணிலிருந்து சத்துக்களை இழுக்கிறது, பூக்கிறது. இலை மட்டுமல்லாமல் தண்டு, வேர், மொட்டு, கனி, முளைக்கும் விதை என உயிருள்ள ஒவ்வொரு பகுதியும் பகல் இரவு என்ற வேறுபாடின்றி ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. பகலில் இலை தன் செலவைக் காட்டிலும் பல மடங்கு ஆக்சிஜனை உண்டாக்குவதால் அந்தச் செலவு நம் கண்ணில் படுவதில்லை. ஆயினும், ஒரு செடி ஒளிச்சேர்க்கையில் சேர்த்த கார்பனில் ஏறக்குறைய பாதியைத் தன் சுவாசத்திலேயே செலவழித்துவிடுகிறது. டெல்டாவில் விதை நெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி முளை கட்டியவர்கள் இதைக் கையாலேயே உணர்ந்திருப்பார்கள். மறுநாள் சாக்குக்குள் கைவிட்டால் சுடும் அந்த வெப்பம், ஆயிரக்கணக்கான விதைகள் ஒரே நேரத்தில் மூச்சு விடுவதால் எழுவது. சாக்கைப் பிரித்துக் கிளறிக் காற்றுப் படச் செய்யாவிட்டால் விதை வெந்து கெட்டுவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் அத்தையின் அச்சத்திற்கு இந்தச் சுவாசமே வேர். அந்த அச்சத்திற்கு மதிப்புக்குரிய ஒரு வரலாறும் இருக்கிறது. 1771-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த மூடிய ஜாடிக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்துச் சில நாள்கள் விட்டபோது, அந்தக் காற்றில் மீண்டும் மெழுகுவத்தி எரிந்தது. ஆனால் அந்தச் சோதனை சில முறை பலித்தது, சில முறை பலிக்கவில்லை. டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் 1779-இல் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து காரணத்தைக் கண்டறிந்தார். பச்சைப் பகுதிகள் மட்டுமே காற்றைத் தூய்மையாக்குகின்றன, அதுவும் ஒளி படும்போது மட்டுமே என்றும், இருளில் எல்லாப் பகுதிகளும் காற்றைக் கெடுக்கின்றன என்றும் அவர் எழுதினார். கண்டுபிடிப்பு முற்றிலும் சரியானது. அதன் பிற்பாதியை மட்டும் மக்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதன் விளைவாக, இங்கிலாந்து மருத்துவமனைகளில் மாலையானதும் நோயாளிகளின் பூக்கொத்துகளை வார்டுக்கு வெளியே எடுத்து வைக்கும் வழக்கம் நெடுங்காலம் நடந்துவந்தது.

இனி உங்கள் அறையையே கணக்கெடுப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்து அடி என்றால் அதில் ஏறக்குறைய 34,000 லிட்டர் காற்று இருக்கும். அதில் 7,000 லிட்டருக்குச் சற்று மேல் ஆக்சிஜன். ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறார். எட்டு மணி நேரத்தில் இது ஒருவருக்கு 120 லிட்டர், துணைக்கு இன்னொருவர் படுத்திருந்தால் இருவருக்குமாக 240 லிட்டர். உங்கள் ஆறு தொட்டிகளின் இலைகளையும் பிரித்துப் பரப்பினால் சுமார் 2 சதுர மீட்டர் வரும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்கிறேன். சாதாரண இலை இருளில் சுவாசிக்கும் வேகத்தைக் கொண்டு பார்த்தால், அந்த ஆறு செடிகளும் இரவு முழுவதும் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் ஒன்றரை லிட்டர் அளவில் நிற்கும். துணைக்குப் படுக்கும் மனிதர் எடுப்பதில் இது எண்பதில் ஒரு பங்கு. தொட்டி மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எடுப்பதையும் சேர்த்துக்கொண்டாலும் முடிவு மாறாது. செடியால் இரவில் ஆபத்து என்றால், அறையில் துணைக்குப் படுப்பவரை அல்லவா முதலில் வெளியே அனுப்ப வேண்டும்?

இந்தக் கணக்கு, காற்றுப் புகாமல் அடைத்த அறைக்கானது. உண்மையான அறையில் கதவிடுக்கு, சன்னல் வழியாகக் காற்று மாறிக்கொண்டேயிருக்கும். முழுவதும் அடைத்த அறையிலேகூட இருவர் எட்டு மணி நேரம் தூங்கினால் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 20.2 அளவுக்குத்தான் இறங்கும். விடியற்காலையில் அடைத்த அறையில் ஏற்படும் புழுக்கத்திற்கும் தலைபாரத்திற்கும் நாம் விட்ட கார்பன் டை ஆக்சைடும் வெப்பமும் ஈரமுமே காரணம். ஆகவே மாமியாரின் அறையில் சன்னலைச் சிறிது திறந்து வைப்பது, ஆறு தொட்டிகளை உள்ளே வைப்பதையும் வெளியே எடுப்பதையும் விடப் பலமடங்கு பயன் தரும்.

புளியமரத்தைப் பொறுத்தவரை, திறந்த வெளியில் மரம் விடும் கார்பன் டை ஆக்சைடு உடனுக்குடன் காற்றில் கலந்து கரைந்துவிடுகிறது, படுத்திருப்பவரைச் சுற்றித் தேங்குவதில்லை. பேய்க்கதைக்கு அறிவியல் சாயம் பூசும் ஆர்வத்தில் நம்மில் படித்தவர்களே இந்த விளக்கத்தைப் பரப்பிவிட்டார்கள் என்பது என் எண்ணம். மரத்தடியில் இரவில் படுக்காமலிருக்கப் பூச்சிகள், காய்ந்து விழும் கிளைகள், பறவை எச்சம் எனத் தகுந்த காரணங்கள் வேறு உண்டு.

நர்சரிக்காரரும் உங்களை வேண்டுமென்றே ஏமாற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்நேக் பிளான்ட், நம் வேலியோரத்து மருளின் நெருங்கிய உறவு. வறண்ட நிலத்துச் செடியாகிய அது பகல் வெயிலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீரெல்லாம் ஆவியாகிவிடும் என்பதால், இரவில் அவற்றைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுத்து, மாலிக் அமிலமாக மாற்றி இலைச்செல்களில் சேமித்துவைக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடை மீட்டு, ஒளியின் உதவியால் சர்க்கரை செய்கிறது. கற்றாழை, அன்னாசி, கள்ளி இனங்கள், டிராகன் பழச் செடி எல்லாம் இதே வழியைப் பின்பற்றுபவை. இந்த வழக்கத்தின் முதல் தடயங்களில் ஒன்று நம் பகுதியிலிருந்தே கிடைத்தது. சென்னை மாகாணத்தில் தாவரவியலராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளியின் இலை காலையில் கடும் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றுக் கசப்பாகவும் இருப்பதைச் சுவைத்துப் பார்த்தே கண்டறிந்து எழுதிய கடிதம் 1815-இல் லண்டனில் அச்சானது. இரவெல்லாம் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதைத்தான் அவருடைய நாக்கு சொன்னது.

இரவில் இந்தச் செடி கார்பன் டை ஆக்சைடை இழுக்கிறது என்பது உண்மை, அதனால் இரவில் ஆக்சிஜனை விடுகிறது என்பது பிழையான ஊகம். வாயு உள்ளே போகும் நேரமும் நீர் பிளக்கும் நேரமும் இவ்வினத்தில் பன்னிரண்டு மணி நேரம் பிரிந்து கிடக்கின்றன. நீர் பிளப்பது பகலில் மட்டுமே. இரவில் மற்ற செடிகளைப் போல இதுவும் சுவாசத்திற்காகச் சிறிதளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அரிக்கா பாமுக்கு இந்த இரவுச் சேமிப்பும் கிடையாது, அது வழக்கமான முறையில் பகலில் துளை திறக்கும் செடி.

பகலிலாவது அறைக்குள் ஆக்சிஜன் கூடாதா என்றால், அங்கே வெளிச்சம் போதாது. நண்பகல் வெயிலின் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். நம் கண்ணுக்கு வெளிச்சமாகவே தெரியும் அறையின் உள்மூலையில் அது 100 முதல் 200 லக்ஸ் இருந்தாலே அதிகம். ஒளி குறைந்துகொண்டே போனால், இலை உண்டாக்கும் ஆக்சிஜனும் அது சுவாசத்திற்குச் செலவிடும் ஆக்சிஜனும் சமமாகிவிடும் ஒரு நிலை வரும். அதற்குக் கீழே செடி பகலிலும் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும் கணக்கில்தான் இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்து மூலையில் அலங்காரமாக வைத்த செடிகள் பெரும்பாலும் இந்த நிலையிலேயே நாளைக் கடத்தி, சேமிப்பைத் தின்று மெல்ல மெலிகின்றன.

சன்னலோரத்தில் நல்ல வெளிச்சத்தில் வைத்த ஒரு ஸ்நேக் பிளான்ட் தொட்டியின் இலைப்பரப்பு மூன்றில் ஒரு சதுர மீட்டர் என்றும், அது வழக்கமான இலைகளின் வேகத்தில் வேலை செய்கிறது என்றும் சலுகையாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதிலிருந்து வருவது நிமிடத்திற்கு அரை மில்லிலிட்டர் ஆக்சிஜன்தான். உங்கள் கான்சன்ட்ரேட்டரோ அறைக்காற்றிலுள்ள நைட்ரஜனை ஜியோலைட் துகள்களில் பிடித்துவைத்து, மீதமுள்ள ஆக்சிஜனை 90 சதவீதத்திற்கும் மேலான செறிவில் அனுப்புகிறது. 2 லிட்டர் ஓட்டத்தில் இது நிமிடத்திற்கு சுமார் 1,800 மில்லிலிட்டர் ஆக்சிஜன். அதற்கு ஈடாக உங்களுக்கு 3,600 தொட்டிகள் வேண்டும், அதுவும் பகலில் மட்டும். உங்கள் கணவரின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. அந்த இயந்திரம் ஓடும்போது அருகில் விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எதையும் ஏற்றாதீர்கள். செறிவான ஆக்சிஜனில் ஒரு பொறிகூடப் பெருந்தீயாகும்.

இதே கடைகளில் ‘நாசாவே சொன்ன செடி’ என்ற அட்டையும் தொங்கும். 1989-இல் நாசாவுக்காகச் செய்யப்பட்ட அந்த ஆய்வு ஆக்சிஜனைப் பற்றியதே அல்ல. மூடிய சிறு பெட்டிகளுக்குள் பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களைச் செலுத்தி, செடியும் தொட்டி மண்ணும் அவற்றை எவ்வளவு குறைக்கின்றன என்று பார்த்தார்கள். வீட்டில் காற்று மாறிக்கொண்டேயிருப்பதால் அந்த முடிவு அப்படியே பொருந்தாது. 2019-இல் வெளியான ஒரு மீளாய்வு, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளால் செய்ய ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் 10 முதல் 1,000 செடிகள் தேவைப்படும் என்று கணக்கிட்டது. செடிகளை அழகுக்காகவும் மன நிறைவுக்காகவும் வையுங்கள், அது போதுமான காரணம்.

உங்கள் மகனுடைய கேள்விக்கு வருகிறேன். மூச்சுவிட ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பக்கத்து மரத்தைக் காட்டுவது பாடப்புத்தகத்தின் எளிமைக்காக. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி, கடலில் மிதக்கும் நுண்பாசிகளும் நீலப்பசும் நுண்ணுயிர்களும் செய்வது. வளர்ந்து முதிர்ந்த காடு பகலில் பேரளவு ஆக்சிஜனை உண்டாக்கினாலும், அதன் மரங்களின் சுவாசமும், உதிர்ந்த இலைகளையும் மட்டையையும் மக்கச்செய்யும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் அதை ஏறக்குறைய முழுவதும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. அமேசான் காட்டுக்கும் இது பொருந்தும். காற்றில் இன்று நிற்கும் 21 சதவீத ஆக்சிஜன், மக்காமல் கடலடி வண்டலில் புதைந்துபோன உயிர்ப்பொருளுக்கு ஈடாக, கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்த கையிருப்பு. நாம் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் அது குறையவே செய்கிறது. ஆனால் குறைவது ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் நான்கு பங்கு போல. காடுகளைக் காக்க மழை, மண், வெப்பம், உயிரினங்கள் எனக் காரணங்கள் நிறைய இருக்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்ற காரணம் அவற்றில் சேராது என்று அவரிடம் சொல்லுங்கள், தேர்வில் பாடப்புத்தகத்தில் உள்ளபடி எழுதட்டும்.

இனி அந்த இரண்டு தொட்டிகள். இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பழக்கமான துயரம் அதுதான். தினமும் தண்ணீர் ஊற்றியும் சாய்ந்தன என்று எழுதியிருக்கிறீர்கள், தினமும் ஊற்றியதாலேயே சாய்ந்தன. இலைகள் ஆக்சிஜனை உண்டாக்குகின்றன என்றாலும் அதில் வேர் நுனி வரை போய்ச் சேருவது பெரும்பாலான செடிகளில் மிகக் குறைவு. நம் உடலில் இரத்தம் போல ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஏற்பாடு செடிக்குக் கிடையாது. வேர் தனக்கு வேண்டிய ஆக்சிஜனை மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்தே எடுக்கிறது. அந்த இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால், ஆக்சிஜன் நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே என்பதால், ஏற்கெனவே கரைந்திருக்கும் சொற்ப ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிர்களும் விரைவில் தீர்த்துவிடுகின்றன. நம் கோடையின் சூட்டில் சுவாசம் வேகமாக நடப்பதால் அது இன்னும் சீக்கிரம் தீரும்.

ஆக்சிஜன் தீர்ந்ததும் வேர் உடனே இறப்பதில்லை. சர்க்கரையை நொதிக்க வைத்து, எத்தனாலாக மாற்றி, கிடைக்கும் சிறு ஆற்றலில் தாக்குப்பிடிக்கப் பார்க்கிறது. ஒரே அளவு சர்க்கரையிலிருந்து ஆக்சிஜனோடு கிடைக்கும் ஆற்றலில் இது சுமார் பதினைந்தில் ஒரு பங்கு. சேமிப்பு வேகமாகக் கரைகிறது, வேர்ச்செல்களின் உட்சாற்றில் அமிலத்தன்மை ஏறுகிறது, நீர் நுழையும் நுண்வழிகள் மூடிக்கொள்கின்றன. அதனால்தான் தண்ணீரில் ஊறிக்கிடக்கும் செடியின் இலை தண்ணீரில்லாத செடியைப் போலவே வாடுகிறது. பார்ப்பவர் தாகம் என்று எண்ணி மேலும் ஒரு குவளை ஊற்றுகிறார். பலவீனப்பட்ட வேரில் அழுகல் பூஞ்சைகள் புகுந்து மிச்சத்தை முடித்துவிடுகின்றன.

அப்படியானால் நெல் எப்படித் தண்ணீரிலேயே நிற்கிறது என்று நீங்கள் கேட்கலாம். காவிரிப் பாசனத்தில் வாழ்பவர்களுக்கு நியாயமான கேள்வி இது. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று செல்வதற்கென்றே நீண்ட குழல்கள் உண்டு, இலையிலிருந்து ஆக்சிஜன் அவற்றின் வழியே வேர் நுனிவரை இறங்குகிறது. வேரின் வெளிப்புறம் அந்த ஆக்சிஜன் கசிந்து வீணாகாமல் தடுக்கும் ஓர் உறையும் உண்டு. நுனிப்பகுதியில் கசியும் ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்குவதால், நலமான நெல் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் செம்பழுப்புப் படலம் தெரியும். வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், ஆக்சிஜன் போதாமல் ஹைட்ரஜன் சல்பைடு வேரைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். அனுபவமுள்ள உழவர் அந்த நாற்றத்தைக் கண்டதும் வயலை வடித்துக் காயவிடுவார். முழுப் பயிரும் மூழ்கிவிட்டால் நெல்லுக்கும் குழல் வழியே காற்று இறங்க வழியில்லை. அந்த நிலையில் வளர்ச்சியை அடக்கி, சேமிப்பைக் கட்டிக்காத்து, இரண்டு வாரம் போலத் தாங்கும் ஒரு மரபணுவை ஒடிசாவின் பழைய நெல் ரகம் ஒன்றிலிருந்து எடுத்துச் சேர்த்தே சுவர்ணா சப்-1, நம் டெல்டாவுக்கு உகந்த சி.ஆர். 1009 சப்-1 ஆகிய ரகங்களை உருவாக்கினார்கள்.

பிச்சாவரத்தில் படகில் போனவர்கள், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைப் பார்த்திருப்பார்கள். வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் அவை. ஓதம் ஏறி அவற்றை மூடும்போது உள்ளேயுள்ள ஆக்சிஜன் செலவாகி அழுத்தம் குறைகிறது, ஓதம் இறங்கித் துளைகள் வெளிப்பட்டதும் காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. கடல் ஏறி இறங்கும் கால அளவையே மரம் தன் மூச்சுக்குப் பயன்படுத்திக்கொள்வதை 1955-இல் ஷோலாண்டரும் அவருடைய குழுவினரும் அளந்து காட்டினார்கள். இப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் வறண்ட நிலத்தில் வளர்ந்த ஸ்நேக் பிளான்ட்டுக்கு இல்லை. அதைத் தினமும் நனைத்து, தொட்டிக்கு அடியில் தட்டும் வைத்து நீரைத் தேக்கினால் அது எங்கே போய் மூச்சு விடும்?

எஞ்சியுள்ள மூன்றையும் காப்பாற்றிவிடலாம். முதலில் தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள், தட்டில் நிற்கும் நீரை அவ்வப்போது கொட்டிவிடுங்கள். நர்சரியிலிருந்து வரும் தொட்டிகளில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவே நிறைந்திருக்கும். நீரைப் பல நாள்கள் பிடித்துவைக்கும் அந்தக் கலவை நிழல் அறைக்கு ஏற்றதல்ல. செம்மண்ணும் கரடான மணலும் சம பங்கு, அதில் சிறிது மண்புழு உரம் என்று மாற்றி நட்டால் வேருக்குக் காற்று கிடைக்கும். மேல்மண் மட்டும் காய்ந்தால் போதாது, விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். திருச்சிக் கோடையிலும் வீட்டுக்குள் இருக்கும் ஸ்நேக் பிளான்ட்டுக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும், மழைக்காலத்தில் இன்னும் தள்ளிப்போடலாம். வயலைக் காயவிட்டுப் பிறகு நீர் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் நெல்லுக்கே நல்லது என்று வேளாண் துறை சொல்லிவரும்போது, இதற்குக் காய்ச்சல்தான் பிரதானம். அரிக்கா பாமுக்கு ஈரம் சற்றுக் கூடுதலாக வேண்டும் என்றாலும் அதன் தொட்டியிலும் நீர் தேங்கக் கூடாது.

எல்லாத் தொட்டிகளையும் சன்னலோரத்துக்கு நகர்த்துங்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் தொட்டி மண்ணில் வெண்பூஞ்சை படர்வதுண்டு, நுரையீரல் நோயாளியின் அறையில் அதன் வித்துகள் பறப்பது நல்லதல்ல. உங்கள் அத்தை தொட்டிகளை வெளியே வைக்கச் சொல்வதற்கு இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது, அவரிடம் சொல்லுங்கள். மண்ணின் மேற்பரப்பு காய்ந்தே இருந்தால் அந்தக் கவலையும் வேண்டாம்.

சாய்ந்துவிட்ட இரண்டையும் உடனே எறிய வேண்டியதில்லை. மண்ணிலிருந்து எடுத்துக் கழுவிப் பாருங்கள். குழைந்த பழுப்பு வேர்களையும் அழுகிய அடிக்கிழங்கையும் கூரிய கத்தியால் நீக்கி, உறுதியான பகுதி ஏதேனும் இருந்தால் நிழலில் இரண்டு நாள் காயவைத்துப் புதுக் கலவையில் நடுங்கள். கிழங்கு முழுவதும் போயிருந்தால், நலமான இலையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் காய்ந்த பின், அடிப்பக்கம் கீழே இருக்குமாறு ஈர மணலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். உங்களுடையது மஞ்சள் ஓரம் உள்ள வகை என்றால், இலைத்துண்டிலிருந்து வரும் கன்றுகளில் அந்த மஞ்சள் வராது, முழுப் பச்சையாகவே இருக்கும். மஞ்சள் ஓரமே வேண்டும் என்றால், பிழைத்திருக்கும் மூன்று தொட்டிகளில் ஒன்றிலிருந்து பக்கக்கன்றைக் கிழங்கோடு பிரித்து நடுங்கள்.